கஞ்சித்தொட்டி: கரண்டி யார் கையில்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதனூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, கல்லூரிக் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை முடிக்காமலே வைத்திருந்தாள். இது எங்களுக்குப் புதிதல்ல. வருமானச் சான்று வரவில்லை, வங்கிக் கணக்கில் ஆதார் சேரவில்லை, சாதிச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று ஆயிரம் காரணங்கள் இருக்கும். இவளிடம் எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. அப்பா தோல் ஷாப்பில் டிரம் வேலை. அம்மா ஷூ கம்பெனியில் தையல். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான்.

"அப்புறம் இன்னாம்மா பிரச்சினை?" என்று கேட்டோம்.

"வேணாங்க்கா. அந்தக் காசு இல்லாமயே படிச்சிக்கிறேன்."

நிறைய நேரம் பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்காகக் கல்லூரி அலுவலக ஜன்னலில் வரிசையில் நின்றிருக்கிறாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் வரிசையைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். சொன்ன விதம் இது: "கஞ்சித்தொட்டி கேஸெல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க." பக்கத்தில் நின்ற சிலர் சிரித்திருக்கிறார்கள். அவள் அந்தப் பக்கமும் நிற்கவில்லை, இந்தப் பக்கமும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். கஞ்சித்தொட்டி என்றால் என்ன என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. "அசிங்கமா திட்டுற வார்த்தை" என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொருள் செத்துப்போயிருக்கிறது, இழிவு மட்டும் உயிரோடு இருக்கிறது. ஒரு சொல் இப்படி ஒரு பெண்ணின் படிப்புக்காசில் கை வைக்கிறது என்றால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடக்கூடாது. பார்த்தோம். பார்த்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சொல்லின் ஊர்

கஞ்சி நம்முடைய சொல். தென்னிந்தியாவிலிருந்து போர்த்துக்கீசியர் வாயில் ஏறி, ஆங்கிலத்தில் 'காஞ்ஜி' என்று போய், இன்று ஹாங்காங் உணவகத்தின் பட்டியல் வரை அந்தப் பெயரில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் இதற்கு இன்னொரு பயன்பாடும் இருந்தது. படைமுகாமின் காவல் கொட்டடியை அவர்கள் 'காஞ்ஜி ஹவுஸ்' என்று அழைத்தார்கள். உள்ளே போனால் கஞ்சிதான் சோறு என்பதால் அந்தப் பெயர். நம் ஊரில் "களி திங்கப் போறியா" என்று கேட்பது போலத்தான். தண்டனைக்கும் கஞ்சி, தருமத்துக்கும் கஞ்சி. இரண்டிலும் தின்பவன் கேள்வி கேட்க முடியாது.

அடுத்தது தொட்டி. வீட்டில் பாத்திரத்தில் கஞ்சி இருக்கும், பானையில் இருக்கும். தொட்டியில் மாட்டுக்குத்தான் வைப்போம். மனிதருக்கு ஊற்றும் கஞ்சியோடு தொட்டி என்ற சொல் சேர்ந்த இடத்திலேயே ஏற்பாடு புரிந்துவிடுகிறது: கூட்டம் பெரிது, முகம் யாருக்கும் தெரியாது, வரிசையில் வந்து ஏந்திக்கொண்டு போக வேண்டும். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்றவர்களின் பிள்ளைகள் நாம். தொட்டி என்ற சொல்லுக்கு நமக்கு அகராதி தேவையில்லை.

சென்னையில் இந்தச் சொல்லுக்கு ஒரு முகவரியே உண்டு. 1780-களின் தொடக்கத்தில், ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டிப் பட்டணத்தில் பஞ்சம் வந்தபோது, வடசென்னையில் கஞ்சி ஊற்றும் இடமும் ஆதரவற்றவர்கள் தங்கும் சத்திரமும் ஏற்பட்டன. 1782-ல் தொடங்கிய அந்தச் சத்திரம் மணியக்காரர் சத்திரம். ஆங்கில ஆவணங்களில் 'மோனிகர் சவுல்ட்ரி'. அதை ஒட்டி வளர்ந்த மருத்துவமனைதான் பிற்பாடு ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. அரசுப் பலகையில் ஸ்டான்லி என்று எழுதியிருந்தாலும், வடசென்னையின் பழைய ஆட்களுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். நம் பக்கத்திலும் பெரியவர்கள் அரசு மருத்துவமனையைத் 'தர்மாஸ்பத்திரி' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நம்முடைய வரிப்பணத்தில் நடக்கும் ஆஸ்பத்திரி அது. உப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டிய ஏழை, தன் சொந்த ஆஸ்பத்திரியைத் தருமம் என்று சொல்லப் பழகியிருக்கிறாள். சொல் எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

தாது வருஷம்

கஞ்சித்தொட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோனது 1876-78 பஞ்சம். நம் மக்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்றே நினைவில் வைத்திருந்தார்கள். இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பகுதிகள் அடங்கிய பழைய வட ஆர்க்காடும் அதில் அடிபட்டது. இந்தியா முழுவதும் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்று ஒரு கணக்கு சொல்கிறது. அதைவிட மிக அதிகம் என்று சொல்லும் கணக்குகளும் உண்டு.

அந்தச் சமயத்தில் நிவாரணச் செலவைக் குறைப்பதற்காக அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். 1877-ன் தொடக்கத்தில் வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று ஒரு மனிதன் உடலுழைப்பு செய்ய முடியாது என்று எதிர்த்து எழுதினார். அந்த அளவுக்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். அரை வயிற்றோடு கால்வாய் வெட்டியவர்களுக்குக் கிடைத்ததற்கு 'நிவாரணம்' என்று பெயர். வேலை வாங்கிக்கொண்டு கொடுத்ததற்கு ஏன் கூலி என்று பெயர் இல்லை? இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் மாதனூரில் கேட்க வேண்டியிருக்கிறது.

பஞ்சத்திலும் சாதி பட்டினி கிடக்கவில்லை. கஞ்சியை யார் காய்ச்சினார்கள், யாரோடு உட்கார்ந்து குடிப்பது என்ற கேள்வி முகாமுக்குள்ளும் வந்தது. இதன் உச்சத்தைப் பார்க்க நாம் ஒடிசாவுக்குப் போக வேண்டும். 1866-ல் அங்கே பெரும் பஞ்சம். அரசும் தருமவான்களும் திறந்த கஞ்சி மையங்களுக்கு 'சத்ர' என்று பெயர். நம் சத்திரம் என்ற சொல்லின் உறவு. உயிர் பிழைக்க அங்கே சாப்பிட்டவர்களைப் பஞ்சம் முடிந்து ஊர் திரும்பியதும் சாதிக்காரர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படித் தள்ளப்பட்டவர்கள் தனிச் சாதியாகவே ஆனார்கள். அந்தச் சாதிக்குப் பெயர் 'சத்ரகியா': சத்திரத்தில் தின்றவர்கள். அதற்குள்ளும் மேல், கீழ் என்று பிரிவு வந்தது என்று காலனி காலத்துச் சாதி ஆவணங்கள் பதிவு செய்திருக்கின்றன.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். நிவாரணத்துக்கான கொச்சைப் பெயர் ஒரு சாதியின் பெயராகியிருக்கிறது. ஒரு வாய்க் கஞ்சி குடித்த குற்றத்துக்குப் பேரப்பிள்ளைகள் வரை பட்டம். நம் மாணவியை அந்த ஜன்னலில் "கஞ்சித்தொட்டி கேஸ்" என்று கூப்பிட்டவர் இந்த வரலாறு எதையும் படித்திருக்க மாட்டார். படிக்காமலேயே அதே வேலையைச் செய்தார்: வரிசையை இரண்டாகப் பிரித்தார்.

அதே கஞ்சி, வேறு பெயர்

கஞ்சி கொடுப்பதும் வாங்குவதும் இழிவு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1867-ல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாப்பிட வருகிறவரிடம் சாதி கேட்பதில்லை. அங்கே சாப்பிட்டவரை யாரும் தொட்டிக்காரன் என்று சொல்வதில்லை. ஆடி மாதம் நம் காலனி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறோம். சொம்போடு, குண்டானோடு தெருவே வரிசையில் நிற்கும். யாருக்கும் கூச்சமில்லை. கேழ்வரகு நம் வீட்டில் வசூலித்தது, காய்ச்சியது நம் அத்தை, ஊற்றுவது நம் மாமா. நோன்பு மாதத்தில் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் வாங்கிவந்து குடித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். "தம்பி, இந்தா, பாட்டிக்கும் சேத்து எடுத்துட்டுப் போ" என்று ஊற்றிக் கொடுத்த பாயின் குரல் எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதிலும் இழிவில்லை.

அப்படியானால் இழிவு எங்கிருந்து வருகிறது? சமூகவியல் படித்த காலத்தில் மார்செல் மாஸ் 1925-ல் எழுதிய கொடை பற்றிய கட்டுரையைப் பாடமாகப் படித்தோம். திருப்பித் தர முடியாத கொடை, வாங்கியவனைக் கீழே வைக்கிறது என்பது அதன் சாரங்களில் ஒன்று. நல்ல பாடம்தான். ஆனால் நம் ஊரில் இன்னொரு படி இருக்கிறது. இங்கே பல நேரம் கொடுக்கப்படுவது கொடையே இல்லை. வாங்குகிறவருக்கு ஏற்கெனவே சேர வேண்டிய பாக்கி. பாக்கியைக் கொடையாக மாற்றும் வேலையைத்தான் இந்தச் சொற்கள் செய்கின்றன.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சம் ஏன் இந்த மக்களை முதலில் தின்கிறது என்பதற்கு அதில் பதில் இருக்கிறது: நிலம் இல்லை, குடியிருக்கும் மனை கூட அவர்களுடையது இல்லை. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணையிலிருந்துதான் நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பது பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்க முடியாது, அதன் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கஞ்சியைத் தொட்டியில் வைத்து ஊர் நடுவே ஊற்றிய சமூகம், நிலத்தைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டது. கஞ்சி ஊற்றியதை மட்டும் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறது.

மாதனூரில் அதே கேள்வி

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கும் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் மூடின. பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் நின்றன. மார்ச் 29-ம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை போட்டது: மூடியிருக்கும் நாட்களுக்கும் பிடித்தம் இல்லாமல் முழுக் கூலி கொடுக்க வேண்டும். அந்த ஆணை மே 18 முதல் நடப்பில் இல்லை. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், கூலி கொடுக்காத நிறுவனங்கள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது.

பேசித் தீர்த்துக்கொள்வது! பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் அம்மா யாரோடு பேசுவாள்? எங்களுக்குத் தெரிந்த பல வீடுகளுக்கு வந்தது கூலி இல்லை. அரிசி மூட்டை வந்தது. மூட்டையில் கொடுத்தவர்களின் படம் இருந்தது. ஐம்பது நாள் கூலி எத்தனை ரூபாய் என்று ஒருவரும் கணக்குப் போடவில்லை. ஆனால் எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ அரிசி போனது என்பதற்கு நோட்டில் கையெழுத்து இருந்தது. சட்டம் கூலி என்று சொன்னது. ஊரில் அது நிவாரணமாக வந்து இறங்கியது. டெம்பிள் காலத்துக் கேள்வி இதுதான்.

இங்கே எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். அந்த ஏப்ரலில் நாங்களும் நண்பர்களிடம் பணம் திரட்டிப் பத்துப் பத்துக் கிலோவாகக் கட்டிக் கொடுத்தோம். பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று போட்டோவும் எடுத்தோம். ஓர் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் படத்தையும் சேர்த்தே பதிவேற்றினோம். இரண்டு நாள் கழித்து அவருடைய மகன் வந்து, "அண்ணா, எங்க அம்மா போட்டோவ எடுத்துருங்க, சொந்தக்காரங்க பாத்துட்டுக் கேக்கறாங்க" என்றான். அன்றுதான் உறைத்தது. கரண்டி நம் கையில் வந்தால் நாமும் தொட்டிதான் வைப்போம் போலிருக்கிறது. அதன் பிறகு நாங்கள் முகம் தெரியப் படம் எடுப்பதில்லை. அரிசி கொடுக்கப் போகும்போது கூலிப் பாக்கிக் கணக்கை எழுதும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.

பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் கழிவால் பாழான நிலத்துக்கும் நீருக்கும் கேட்ட நியாயம்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த 'வேலூர் குடிமக்கள் நலமன்றம்' தீர்ப்பு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்காக நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். 2001-ல் அதற்கான ஆணையம் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஈடு கணக்கிட்டது. முழுவதும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆறு வாரத்துக்குள் கொடு என்று சொல்ல வேண்டியிருந்தது. இழப்பீட்டுக்கு இவ்வளவு தாமதம். அதுவும் பாழான நிலத்தை ஒட்டிய கணக்கு. அந்த நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய நம் பாட்டிகளுக்கு நிலமும் இல்லை, பட்டாவும் இல்லை. நிலம் செத்தபோது அவர்களுடைய கூலியும் செத்தது. கிணற்றின் உப்பை அளக்கக் கருவி இருக்கிறது. பறிபோன கூலியை அளக்க எவரும் வரவில்லை.

பெயரில் இருக்கிறது எல்லாம்

நமக்குக் கிடைப்பதற்கு எத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டோம். நிவாரணம்: துன்பத்தை விலக்குவது. துன்பம் யாரால் வந்தது என்று அந்தச் சொல் கேட்பதில்லை. மழை போல, புயல் போல எங்கிருந்தோ வந்தது என்பது மாதிரி இருக்கும். இழப்பீடு: இழந்ததற்கு ஈடு. இதில் இழக்க வைத்தவன் ஒருவன் இருக்கிறான். அதனால்தான் முதலாளிகளுக்கு முதல் சொல் பிடிக்கும், இரண்டாவது பிடிக்காது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளின்படி, பாதிக்கப்பட்டவருக்கு அரசு தர வேண்டிய தொகையைத் 'தீருதவி' என்கிறார்கள். 2016 திருத்தத்தில் அது குற்றத்தைப் பொறுத்து 85 ஆயிரம் முதல் 8.25 லட்சம் ரூபாய் வரை என்று நிர்ணயிக்கப்பட்டது. காப்பாற்றத் தவறிய அரசு செலுத்தும் கடன் அது. டீக்கடையில் அதற்குப் பெயர் என்ன? "பி.சி.ஆர். போட்டு சம்பாதிக்கிறானுங்க." அடி வாங்கியவன் சம்பாதிக்கிறான், அடித்தவன் நஷ்டப்படுகிறான் என்று கதையே திரும்பிவிடுகிறது.

பிறகு 'ஓசி'. கம்பெனி ஆட்சியில் கட்டணம் இல்லாமல் போன அரசுக் கடிதங்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று முத்திரை இருந்தது, அதிலிருந்து வந்த சொல் இது என்று ஒரு கதை உண்டு. உண்மையானால், இந்த நாட்டில் முதலில் ஓசியில் போனது கம்பெனிக்காரன்தான். 2022 செப்டம்பரில் அன்றைய உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி, பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை மேடையிலேயே 'ஓசி' என்று சொன்னார். பெரிய எதிர்ப்பு வந்தது. சரியான எதிர்ப்புதான். காலை ஷிப்டுக்கு மாதனூர் நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் உழைப்பில்தான் ஏற்றுமதி நடக்கிறது, அந்நியச் செலாவணி வருகிறது. அவளுக்கு ஒரு டிக்கெட் ஓசியாம். நம் சாதிச் சான்றிதழ் மொழியில் ஓ.சி. என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக நிலமும் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டணமில்லாமல் அனுபவித்தவர்களை யாரும் கஞ்சித்தொட்டி கேஸ் என்று சொன்னதில்லை.

கரண்டி கைமாறும்போது

கஞ்சியில் இழிவு இல்லை, கரண்டியில்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், பள்ளிச் சத்துணவு சமைக்க ஒரு தலித் பெண் வந்தபோது சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அரசு இலவசமாகத் தரும் சோறு அவர்களுக்குக் கூசவில்லை. கரண்டியைப் பிடித்த கை கூசியது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் நிவாரணம் கொடுத்தபோதும் தலித் குடும்பங்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. வாங்கும் வரிசையிலும் நமக்கு இடமில்லை, கொடுக்கும் இடத்திலும் இடமில்லை.

ஆனால் சொல்லைத் திருப்பிப் போட்டவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் தொழிற்சங்கங்கள் நடத்தும் 'கஞ்சித்தொட்டி திறப்புப் போராட்டம்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2000-களின் தொடக்கத்தில் நெசவாளர்கள் பட்டினியில் வாடியபோதும் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டு அரசியலே அதிர்ந்தது. தொழிலாளர்கள் தாங்களே அடுப்பு மூட்டி, தாங்களே ஊற்றி, கம்பெனி வாசலிலோ ஆட்சியர் அலுவலக வாசலிலோ நின்று குடிக்கிறார்கள். எங்களைக் கஞ்சிக்குக் கொண்டுவந்தது யார் என்று ஊருக்குக் காட்டுகிறார்கள். அங்கே வெட்கப்பட வேண்டியவர் கஞ்சி குடிப்பவர் இல்லை.

ஈழத்தில் ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறார்கள். 2009-ல் குண்டுமழையின் நடுவே உயிர் பிடித்து வைத்த அந்த உப்புக்கஞ்சியை, பிள்ளைகளுக்கு ஊற்றிக் கதை சொல்கிறார்கள். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். யோசித்துப் பாருங்கள், வெறும் அரிசிக் கஞ்சிக்கு ஓர் அரசு பயப்படுகிறது. வாங்கிய இடத்திலேயே நின்றுவிடாமல், அதை நினைவாக்கி மக்கள் தாங்களே ஊற்றத் தொடங்கியதால் வந்த பயம் அது.

"அப்ப நிவாரணமே வாங்கக் கூடாதா?" என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். இல்லை தம்பி. பசித்தால் சாப்பிடு. வெள்ளத்தில் வீடு போனால் அரிசியை வாங்கு. பட்டினி கிடந்து மானத்தைக் காப்பாற்றச் சொல்வது வயிறு நிறைந்தவர்களின் வேதாந்தம். நாங்கள் சொல்வது, கை நீட்டும்போது கணக்கையும் நீட்டு என்பதுதான். வாங்குவது கூலிப் பாக்கியா, இழப்பீடா, சட்டப்படியான உரிமையா, அல்லது உண்மையிலேயே ஒருவர் அன்பால் தந்ததா? நான்கையும் தனித்தனிப் பெயரில் அழைக்கக் கற்றுக்கொள். அன்பால் தந்தவருக்கு நன்றி சொல். மற்ற மூன்றுக்கும் ரசீது கேள்.

நம் மாணவிக்கு அன்று நாங்கள் சொன்னது இது. அவள் விண்ணப்பிக்க மறுத்த அந்த உதவித்தொகைக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1942-ல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் பாபாசாகேப் அம்பேத்கர் பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி ஒரு மனு கொடுத்தார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக உட்கார்ந்துகொண்டே கொடுத்த மனு அது. கல்விக்கு நிதி கேட்டார். மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகை 1944 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாடு விடுதலை அடைவதற்கு முன்பே வாங்கிய உரிமை. அவர் கஞ்சி கேட்கவில்லை, கணக்குக் கேட்டார். அந்தக் கணக்கில் உனக்குச் சேர வேண்டிய வரவு இது. நீ விட்டுக்கொடுத்தால் அந்த ஜன்னல்காரர் வருத்தப்படப் போவதில்லை. உன் அம்மா இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக ஓவர்டைம் பார்ப்பார், அவ்வளவுதான்.

அவள் கேட்டாள்: "சரிக்கா. ஆனா அந்த ஆளு அடுத்த வருஷமும் அங்கதான் ஒக்காந்திருப்பாரு. அப்ப?"

நியாயமான கேள்வி. வரலாறு சொல்லி ஜன்னலைத் திறக்க முடியாது. அடுத்த திங்கட்கிழமை அவளோடு இன்னும் ஐந்து மாணவர்கள் சேர்ந்து போனார்கள். எங்களில் ஒருவரும் கூடப் போனோம். ஆறு பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பிரிந்து நிற்கச் சொன்னபோது, "எந்த உத்தரவுப்படி தனி வரிசை சார், எழுத்துல குடுங்க" என்று ஒருவன் கேட்டான். எழுத்தில் எதுவும் இல்லை. காகிதங்களை வாங்கிக்கொண்டார்கள். முன்பு நடந்ததைப் பற்றி முதல்வருக்கு ஒரு புகார் மனுவும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்து ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகம்.

உங்கள் கல்லூரியிலும் அப்படி ஒரு ஜன்னல் இருக்கும். தனியாகப் போகாதீர்கள். கடைசித் தேதி வரை காத்திருக்காதீர்கள். அங்கே உங்களை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் அம்மா, அப்பா யாராவது தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்தால், இன்று இரவே உட்கார்ந்து அவர்களுடைய பி.எஃப்., பணிக்கொடை, 2020 ஊரடங்குக் கூலி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அரிசி மூட்டை வந்ததையும் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.